டோக்கியோ வழக்கும் சயாம் ரயில் தமிழரும்

(நமது சங்கத்தின் துவாரகா கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்டது எண்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஜப்பானின் தலைநகர் டோக்கியோவில் நடந்த ஒரு வழக்கு. யுத்தக் குற்றவாளிகள் மீது நடந்த வழக்கு அது. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஆபீஸ் வேலைக்கும் போய்விட்டுக் களைத்து வந்து உட்கார்ந்திருக்கும் நமக்கு டோக்கியோ வழக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இரண்டு காரணம் உண்டு. அந்த நீதிமன்றத்தில் இந்தியாவின் சார்பில் குற்றஞ்சாட்டும் வழக்கறிஞராக நின்றவர் நம் சென்னையிலிருந்து போனவர். அந்த வழக்கின் தீர்ப்பில், செத்தவர்கள் வரிசையில் ‘தமிழர்’ என்ற சொல் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், டில்லியில் பிழைக்க வந்த நாம் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும்.

முதலில் வழக்கைச் சொல்கிறோம்.

இரண்டாம் உலக யுத்தம் 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததோடு முடிந்தது. ஜெர்மனியின் தலைவர்களை நூரம்பர்க் நகரில் விசாரித்தார்கள். ஜப்பானின் தலைவர்களை விசாரிக்க டோக்கியோவில் ஒரு சர்வதேச ராணுவ நீதிமன்றம் அமைத்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன், சீனா என்று முதலில் 9 நாடுகளுக்குத்தான் அதில் நீதிபதி இடம். இந்தியாவின் பெயர் அதில் இல்லை. அப்போது நாம் சுதந்திர நாடு அல்லவே! ஆனால் பர்மாவிலும் மலாயாவிலும் சண்டையிட்டுச் செத்தவர்களில், சிறைப்பட்டவர்களில் இந்தியச் சிப்பாய்கள் எத்தனை ஆயிரம்! வாஷிங்டனில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்த கிரிஜா சங்கர் பாஜ்பாய் விடாமல் வாதாடினார். 1946 ஏப்ரல் கடைசியில்தான் இந்தியாவையும் பிலிப்பைன்சையும் சேர்த்து 11 நாடுகள் ஆக்கினார்கள். கேட்டு வாங்கிய நாற்காலி அது.

நீதிபதியாகப் போனவர் கல்கத்தாவின் ராதாபினோத் பால். வழக்கறிஞராகப் போனவர் பி. கோவிந்த மேனன். மலபார் அன்றைக்குச் சென்னை ராஜதானியின் ஒரு ஜில்லா. அந்த மலபாரைச் சேர்ந்தவர் அவர். சென்னையில் கிரௌன் பிராசிகியூட்டர், அதாவது சர்க்கார் தரப்பில் குற்ற வழக்கு நடத்தும் வழக்கறிஞர். கொலை, கொள்ளை, மோசடி என்று தனி மனிதர்களின் குற்றத்தை நிரூபிப்பது அவர் தொழில். அந்த மனிதருக்கு 1946-ல் வந்த வேலை, ஒரு நாட்டின் பிரதமரையும் மந்திரிகளையும் தளபதிகளையும் கூண்டில் நிறுத்துவது.

குற்றஞ்சாட்டும் தரப்புக்குத் தலைமை அமெரிக்கரான ஜோசப் கீனன். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு துணை வழக்கறிஞர். 28 பேர் மீது 55 குற்றச்சாட்டுகள் கொண்ட குற்றப்பத்திரிகை 1946 ஏப்ரல் 29-ல் தாக்கல் ஆனது. அதில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் கோவிந்த மேனன். மே 3-ல் விசாரணை தொடங்கியது. இரண்டரை ஆண்டு நடந்தது. 419 சாட்சிகள் நேரில் வந்தார்கள். 779 பேர் எழுத்து மூலம் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார்கள். 4336 சான்றாவணங்கள் தாக்கல் ஆயின.

ஏன் இத்தனை காகிதம் வேண்டியிருந்தது? சரணடைந்ததற்கும் அமெரிக்கப் படை வந்து இறங்கியதற்கும் நடுவே கிடைத்த இரண்டு வாரத்தில், ஜப்பானிய ராணுவம் தன் கோப்புகளைக் கட்டுக்கட்டாக எரித்துவிட்டது. குற்றம் செய்தவனின் கணக்குப் புத்தகம் சாம்பலான பிறகு, பாதிக்கப்பட்டவனின் கணக்கைக் கொண்டுதான் வழக்கு நடத்த வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பேச்சு முழுவதும் இதைப் பற்றித்தான்.

இனி சயாமுக்குப் போவோம்.

தண்டவாளத்தோடு பிழைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாத் வரை 415 கிலோமீட்டர். நடுவே மலை, காடு, ஆறு. மலேரியா பூமி. இந்தப் பாதையை 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள். பர்மாவில் நின்ற ஜப்பானியப் படைக்குக் கடல் வழி ஆபத்தானதால், தரை வழி அவசரமாக வேண்டியிருந்தது. இயந்திரம் குறைவு. மண்வெட்டி, கூடை, சம்மட்டி, மனிதத் தோள் இவைதான் பெரும்பாலும். தண்டவாளத்துக்கு மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையையே பெயர்த்துக் கொண்டுபோனார்கள்.

தோள் கொடுத்தவர்கள் யார்? ஒரு பக்கம் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்க யுத்தக் கைதிகள். இன்னொரு பக்கம் ஆசியக் கூலிகள்: பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட கூலிகள் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள்.

அவர்கள் எப்படிப் போனார்கள்? யுத்தத்தால் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. மூன்று மாத வேலை, நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம் என்று சொன்னார்கள். சிலர் நம்பிப் போனார்கள். பிறகு ஆள் பிடித்தார்கள். இலவச சினிமா என்று கூட்டிக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றியதை மலாயாத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் தோட்டத்துக் கிராணியும் கங்காணியும்.

1943-ல் மழைக்காலம் வந்தது, காலராவும் வந்தது. இங்கேதான் இரண்டு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். யுத்தக் கைதிகளும் பட்டினிதான், அடிதான், சாவுதான். அவர்கள் துன்பத்தை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் அவர்கள் ஒரு படையாகப் போனவர்கள். அவர்களோடு அவர்களுடைய டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று உத்தரவிட அதிகாரிகள் இருந்தார்கள். முக்கியமாக, பேர்ப் பட்டியல் இருந்தது. இன்றைக்கு யார் செத்தார், எந்த முகாமில், என்ன நோயில், எங்கே புதைத்தோம் என்று ஒளித்து ஒளித்து எழுதினார்கள். மூங்கில் குழாயில் போட்டு மண்ணில் புதைத்தார்கள். அகப்பட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே எழுதினார்கள்.

நம் கூலிகளோடு டாக்டர் இல்லை. அதிகாரி இல்லை. பெண்டு பிள்ளைகளோடு போனவர்களும் உண்டு. காலரா வந்த குடிசையை விட்டு ஓடினவர் காட்டில் செத்தார். ஓடாதவர் குடிசையில் செத்தார். எழுதி வைக்க ஆள் இல்லை.

இந்த விவகாரம் டோக்கியோ நீதிமன்றத்துக்கு எப்படி வந்தது? 1946 செப்டம்பரில் சிரில் வைல்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி சாட்சிக் கூண்டில் ஏறினார். அந்த ரயில்பாதையில் கைதியாக இருந்தவர், ஜப்பானிய மொழி தெரிந்தவர். ‘எஃப்’ படை என்ற 7000 கைதிகளில் சுமார் 3100 பேர் மாண்டதைக் கணக்கோடு சொன்னார். சாட்சி சொல்லிவிட்டுத் திரும்பும் வழியில் ஹாங்காங்கில் விமான விபத்தில் செத்துப்போனார். ஆனால் அவர் சொன்னது ஏட்டில் ஏறிவிட்டது.

1948 நவம்பரில் தீர்ப்பு வந்தது. சயாம்-பர்மா ரயில்பாதைக்கென்று தீர்ப்பில் தனிப் பகுதியே இருக்கிறது. 18 மாதத்தில் 46,000 கைதிகளில் 16,000 பேர் இறந்தார்கள் என்று நீதிமன்றம் கண்டது. கூலிகளைப் பற்றியும் சொன்னது. சிலரை ஆசை காட்டியும் சிலரைப் பலாத்காரமாகவும் கொண்டுபோனார்கள், சுமார் 1,50,000 பேரில் குறைந்தது 60,000 பேர் செத்தார்கள் என்றது. பிரதமர் டோஜோ இந்தப் பாதையின் நிலைமை தெரிந்தும் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. விசாரணை என்ற பேரில் ஒரே ஒரு கம்பெனிக் கமாண்டர் மீது மட்டும் வழக்குப் போட்டார் என்றது. கைதிகளை அந்த வேலைக்கு அனுப்ப ஒப்புதல் தந்த கிமுரா என்ற தளபதியும் தண்டிக்கப்பட்டார். டோஜோ, கிமுரா உள்ளிட்ட 7 பேரை 1948 டிசம்பர் 23-ல் தூக்கிலிட்டார்கள்.

ஆகவே, நம் மக்களுக்காக யாரும் பேசவே இல்லை என்று சொன்னால் அது பொய். பேசினார்கள். தீர்ப்பில் எழுதினார்கள். ஆனால் எப்படி எழுத முடிந்தது? ‘சுமார்’ என்றும் ‘குறைந்தது’ என்றும்தான். வேறு கணக்குகள் வேறு எண்ணைச் சொல்கின்றன; கூலிகளின் சாவைத் தொண்ணூறாயிரம் என்பாரும் உண்டு, லட்சம் என்பாரும் உண்டு. முப்பதாயிரம் உயிர் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு மாறாத மாதிரி இருக்கிறது! இன்றைக்கும் காஞ்சனபுரிக்குப் போனால் யுத்தக் கைதிகளின் மயானத்தில் ஏறத்தாழ 7000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலான கல்லில் பெயர், படை எண், வயது. அதே பாதையில் அதைப்போலப் பல மடங்கு செத்த கூலிகளுக்குத் தனிக் கல் கிடையாது. பிற்காலத்தில் மலேசியத் தமிழர்கள் முயன்று அங்கே ஒரு நடுகல் எழுப்பினார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு கல்.

பேர் இல்லாததால் பணமும் இல்லாமல் போனது. யுத்தம் முடிந்ததும் சயாம் பகுதித் தண்டவாளத்தைச் சயாம் சர்க்காருக்குப் பன்னிரண்டரை லட்சம் பவுனுக்கு விற்றார்கள். தண்டவாளத்துக்கு உரிமையாளர் இருந்தார். அதைப் போட்ட கைக்கு இல்லை. 1951-ல் சான் பிரான்சிஸ்கோவில் எழுதிய சமாதான ஒப்பந்தத்தின் 16-ஆவது ஷரத்து, யுத்தக் கைதிகளாக இருந்தவர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகப் பணம் கொடுக்க வழி செய்தது. கூலி யுத்தக் கைதி அல்ல. ஆகவே அந்த ஷரத்தில் அவனுக்கு இடமில்லை. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் சேராமல் 1952 ஜூனில் ஜப்பானோடு தனி ஒப்பந்தம் செய்துகொண்டது. அதில் நஷ்ட ஈடு கேட்கும் உரிமைகளை எல்லாம் விட்டுக்கொடுத்தது. ஆசிய நாடுகளின் நட்பு என்ற நல்ல எண்ணம் அதில் இருந்தது. ஆனால் மலாயாத் தோட்டத்தில் காத்திருந்த விதவையை யாரும் கேட்கவில்லை.

கோவிந்த மேனனிடம் திரும்புவோம். தீர்ப்பு வருவதற்கு முன்பே அவர் ஊர் திரும்பிவிட்டார். 1947-ல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1956 செப்டம்பரில் உச்சநீதிமன்ற நீதிபதியாக இதே டில்லிக்கு வந்தார். அப்போது உச்சநீதிமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பார்லிமெண்ட் கட்டடத்தின் ஒரு பகுதியில்தான் நடந்தது. 1957 அக்டோபரில் பதவியில் இருக்கும்போதே காலமானார். அதே ஆண்டில்தான் குவாய் நதிப் பாலம் பற்றிய ஆங்கிலப் படம் வெளிவந்து உலகமெங்கும் ஓடியது. யுத்தக் கைதிகளின் கதை அது. தமிழ்க் கூலி அந்தக் கதையில் இல்லை.

டோக்கியோ என்றதும் இந்தியாவில் பலர் நினைப்பது வழக்கறிஞர் மேனனை அல்ல, நீதிபதி பாலை. குற்றஞ்சாட்டப்பட்ட எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று தனித் தீர்ப்பு எழுதியவர் அவர். ஜப்பானில் 2005-ல் யாசுகுனி ஆலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னமே வைத்தார்கள். பாலின் கேள்விகளை நாம் ஒதுக்கிவிட முடியாது. ஆசியாவை அடிமை கொண்டவர்களே ஆக்கிரமிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா? ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்டவரை விசாரிக்க எந்த நீதிமன்றம்? நியாயமான கேள்விகள். அந்தக் காலத்து மனநிலையும் அப்படித்தான். 1945 நவம்பரில் இதே டில்லியில் செங்கோட்டையில் நேதாஜியின் ஐ.என்.ஏ. அதிகாரிகளான ஷா நவாஸ், சேகல், தில்லான் மூவரையும் பிரிட்டிஷார் விசாரித்தபோது நாடே அவர்கள் பக்கம் நின்றது. ஐ.என்.ஏ.-யில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருந்தார்கள். அந்தத் தியாகத்தை நாம் போற்றுகிறோம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கொடுமைகள் நடந்ததற்கான சாட்சியம் மிக வலுவானது என்று பாலும் ஒப்புக்கொண்டார். யார் பொறுப்பு என்பதில்தான் அவர் வேறுபட்டார். வெள்ளைக்காரன் யோக்கியனா என்ற கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும், சயாம் காட்டில் செத்தவன் செத்தவன்தான். அவனுக்காக ஒருவர் குற்றஞ்சாட்டத்தான் வேண்டும். சென்னையிலிருந்து போன கோவிந்த மேனன் அந்தப் பக்கம் நின்றார். அவர் கோப்பில் தமிழனின் பெயர்கள் இல்லையே என்று அவரைக் குறை சொல்வது சரியாகாது. வழக்கறிஞர் எவ்வளவு பெரியவரானாலும் கையில் வந்த காகிதத்தை வைத்துத்தான் வாதாட முடியும். காகிதம் அவர் கைக்கு வராததற்குக் காரணம், தோட்டத்திலும் முகாமிலும் நம் ஆட்களைத் தலைக் கணக்காக மட்டுமே எழுதினார்கள் என்பது.

இது மாற முடியுமா? மாறியதற்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். நவநீதம் பிள்ளை என்ற அம்மையாரை அறிவீர்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போன தமிழர் வாழும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஒரு பஸ் டிரைவரின் மகளாகப் பிறந்தவர். ஊரார் பணம் சேர்த்துக் கொடுத்துப் படித்தவர். 1995 முதல் ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதி. அங்கே அகாயெசு என்ற நகரத் தலைவர் மீது வழக்கு. முதல் குற்றப்பத்திரிகையில் பெண்கள் மீது நடந்த பலாத்காரம் இல்லவே இல்லை. வழக்கறிஞர்கள் அதை எழுதவில்லை. 1997-ல் சாட்சி சொல்ல வந்த பெண் ஒருவர் தானாக அதைச் சொன்னார். நீதிபதிகள் மேலும் கேட்டார்கள். இன்னொரு பெண்ணும் சொன்னார். வழக்கறிஞர்கள் குற்றப்பத்திரிகையைத் திருத்தினார்கள். 1998 செப்டம்பர் 2-ல் வந்த தீர்ப்பு, பலாத்காரமும் இனப்படுகொலையின் பகுதி ஆகலாம் என்று உலகத்திலேயே முதன்முதலாகச் சொன்னது. எங்கிருந்து தொடங்கியது அது? ஏழைப் பெண் ஒருத்தி நடந்ததை நடந்தபடி சொன்னதிலிருந்து.

இலங்கையையும் நினைத்துப் பாருங்கள். 2009-ல் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்தது. இதுவரை டோக்கியோ போலவோ ருவாண்டா போலவோ ஒரு நீதிமன்றம் அமைக்கப்படவில்லை. 2015-ல் வெளிநாட்டு நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் பங்கேற்கும் விசாரணை முறைக்கு ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கை அரசே சம்மதித்தது, 2020-ல் பின்வாங்கிவிட்டது. 2021 மார்ச்சில் அந்தக் கவுன்சில் ஒரு காரியம் செய்தது: சாட்சியங்களைத் திரட்டவும் பாதுகாக்கவும் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்துக்கு அதிகாரம் கொடுத்தது. வழக்கறிஞர் என்றைக்கு வருவாரோ, கோப்பு இன்றைக்கே தயாராக வேண்டும் என்பதுதான் இதன் பொருள். காணாமல் போன பிள்ளைகளின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆண்டுக்கணக்கில் சாலையோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு இது யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

இனி நம் டில்லிக்கு வருவோம். இங்கே யுத்தம் இல்லை. நம் நிலைமையைச் சயாமோடு ஒப்பிடுவது செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை; நாம் ஒப்பிடவில்லை. பேர் எழுதப்படாதவனுக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் பார்க்கிறோம்.

2020 ஊரடங்கின்போது நடந்தே ஊர் போனவர்களை நாம் கண்ணால் பார்த்தோம். மே 8-ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளிகள் மீது சரக்கு ரயில் ஏறியது. ரயில்வேக்காரர்களான நாம் அன்று சோறு உண்ணவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் பார்லிமெண்டில், புலம்பெயர்ந்த தொழிலாளர் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டார்கள். அந்தக் கணக்கு எங்களிடம் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. கணக்கு இல்லை என்றால் நஷ்ட ஈடு என்ற கேள்வியே எழாது அல்லவா?

2025 ஜூன் 1-ல் ஜங்புரா மதராசி கேம்ப்பை இடித்தார்கள். நம் தமிழ்ச் சனங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்ந்த இடம். 370 குடிசைகள். மாற்று வீட்டுக்குத் தகுதி என்று அப்போது அறிவித்தது 189 குடும்பங்களைத்தான். வீடு கொடுத்ததும் நகரின் வடகோடியில், நரேலாவில். மற்றவர்கள் அங்கே வாழவில்லையா? வாழ்ந்தார்கள். வாழ்ந்ததற்கு அதிகாரிகள் கேட்ட காகிதம் கேட்ட தேதியில் கையில் இல்லை. பாதிப் பேரை ‘தகுதி இல்லை’ என்ற இரண்டு வார்த்தையில் தள்ளிவிட்டார்கள்.

இந்தத் துவாரகாவைப் பாருங்கள். செக்டர் செக்டராக அடுக்குமாடி வீடுகளும் மெட்ரோ நிலையங்களும் கூலித் தொழிலாளிகள் கட்டியவை. கட்டியவர்களில் எத்தனை பேர் பெயர் எந்த மஸ்டர் ரோலில் இருக்கிறது? வெளி மாநிலத் தொழிலாளிக்குப் போட்டோ ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. நம்மில் அந்தப் பாஸ்புக்கைக் கண்ணால் கண்டவர் யார்? வீட்டு வேலை செய்யும் நம் சகோதரிகளுக்கு அதுவும் கிடையாது. வேலை கொடுத்த அம்மாவின் போன் நம்பர் ஒன்றுதான் ஆதாரம்.

சர்க்கார் எழுத வேண்டும், அதற்காகப் போராடுவோம். மனுக் கொடுப்போம், தர்ணா உட்காருவோம். அது சர்க்காரின் கடமை, அதை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. மூங்கில் குழாயில் எழுதிப் புதைத்த கைதிக்கு இருந்ததைவிட நமக்கு வசதி அதிகம்.

ஆகவே சங்கம் ஒரு பதிவேடு தொடங்குகிறது. அதில் வேண்டியது இவ்வளவுதான்: உங்கள் பெயர், தகப்பனார் அல்லது தாயார் பெயர், ஊர், தாலுகா, எந்த இடத்தில் என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து, டேக்கேதார் பெயரும் போன் நம்பரும், பேசிய கூலி எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, விபத்து என்றால் எங்கே, எப்போது, பார்த்தவர் யார். ஜுக்கியில் இருப்பவர்கள் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறோம் என்பதையும், அதற்குரிய ரேஷன் கார்டு, மின்சார பில், பிள்ளையின் ஸ்கூல் சான்று இவற்றின் நகலையும் கொண்டுவாருங்கள். பதிவேடு இரண்டு பிரதி. ஒன்று சங்கத்தில் பூட்டி வைக்கப்படும். உங்கள் பக்கம் உங்கள் வீட்டில் இருக்கும். உங்கள் சம்மதம் இல்லாமல் யாருக்கும் காட்டப்படாது.

படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் எழுதட்டும். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளைகள் நாலு பேர் முன்வந்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே இடத்தில் எழுதத் தொடங்குகிறோம். வீட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் முதலில் வாருங்கள். உங்களைத்தான் இதுவரை யாருமே எழுதவில்லை. ஊருக்குப் போயிருப்பவர்கள் பெயரையும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம். போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்தவர்கள், கூலி வராமலே ஊர் திரும்பியவர்கள், அவர்கள் பெயரும் வேண்டும்.